குடிக்காதவனுக்கு ஒரு கயிறு

தம்பி, ஜன்னல் பக்கம் நீங்களே இருங்க. எனக்கு வேண்டாம். இந்த ரோட்டுல எனக்கு ஜன்னல் ஒத்துக்கிடாது. உங்களுக்கு எங்க இறங்கணும், அணைக்கட்டா? நல்லதாப் போச்சு. நான் அதுக்கு முந்துன நிறுத்தம், கொம்பு மாடசாமி கோயில். எப்படியும் ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கு. கைய நீட்டுங்க. அட, நீட்டுங்கங்கேன். மிட்டாய்தான். ஆரஞ்சு மிட்டாய். திங்காதிய, சட்டைப் பையில வச்சுக்கிடுங்க. எங்கிட்ட இன்னும் மூணு இருக்கு. நான் பேசிக்கிட்டே வரும்போது வாய் குழறுச்சுன்னா, இல்ல சம்பந்தமில்லாம உங்கள ஏசுனேன்னா, நெத்தியில முத்து முத்தா வேர்த்துச்சுன்னா, ஒரு கேள்வியும் கேக்காம இதைப் பிரிச்சு என் வாயில போட்டுருங்க. கடிச்சுத் தின்னுருவேன். பத்து நிமிசத்துல சரியாயிருவேன்.

அப்படிப் பாக்காதிய. ஏறுனவுடனே மிட்டாயக் குடுக்கானே, ஒரு மாதிரியான ஆளோன்னு நினைக்கிய. நினைங்க. பஸ்ஸுல ஏறுனா பக்கத்து சீட்டு ஆளுக்கு மொதல்ல மிட்டாய், அப்புறம் கதை. இதான் இப்ப என் பொழப்பு. கதையச் சொல்லாம மிட்டாய மட்டும் குடுத்தா பிரயோசனம் இல்ல தம்பி. நேரம் வரும்போது ஆளு மிட்டாய வெளிய எடுக்க மாட்டான், என் காலரைத்தான் பிடிப்பான்.

எம்பேரு ஆவுடையப்பன். இருபத்திரண்டு வருசம் கண்டக்டர். பிரைவேட் வண்டி, இதே ரூட்டு. இந்த வண்டி வேற முதலாளி வண்டி. இப்பக் கண்டக்டர் டிக்கெட் குடுத்தான்லா, என் மூஞ்சியப் பாத்தானா பாத்தியளா? பாக்கல. ரெண்டு மாசத்துக்கு முன்னாலன்னா அண்ணாச்சி அண்ணாச்சின்னு டீ வாங்கிக் குடுப்பான்.

குடின்னா எனக்கு ஆகாது. சும்மா சொல்லல. என் கல்யாணப் பந்தியில உக்காந்திருந்த சொந்த மச்சினனை, வாய் நாறுதுன்னு கையப் பிடிச்சு எழுப்பி விட்டவன் நான். வீட்ல, உலகம்மா, இன்னைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவா. என் வண்டியில குடிகாரன் ஏறுனா ரெண்டாவது நிறுத்தம் தாண்ட மாட்டான். படியில கால் வைக்கிற விதம் ஒண்ணு போதும் எனக்கு, கண்டுபிடிச்சிருவேன். ஒரு விசில், காலரைப் பிடி, இறக்கு, ரெண்டு விசில். முடிஞ்சுது. பேச்சே குடுக்கக் கூடாது. பேச்சுக் குடுத்தா அவன் கதை சொல்ல ஆரம்பிச்சிருவான். குடிகாரன் ஒவ்வொருத்தனுக்கும் ஒரு கதை இருக்கும்.

ஒருத்தன் பாருங்க, ஆறேழு வருசம் இருக்கும். மார்கழி மாசம், பதினோரு மணி டிரிப். நல்ல வாடைக் காத்து, அவனவன் துண்டைப் போத்திக்கிட்டு உக்காந்திருக்கான். இவனுக்கு மட்டும் சட்டை தொப்பலா நனைஞ்சிருக்கு. கட்டம் போட்ட சட்டை. எந்த ஊருன்னு கேக்கேன், ஊர்ப் பேரு வாயில வரல. "டீ, டீ"ங்கான். டீக்கடையாய்யா இது? பையில துட்டு இருக்கான்னு கைய விட்டுப் பாத்தா, நாலு ஆரஞ்சு மிட்டாய். "மிட்டாயத் தொட்டுக்கிட்டுக் குடிக்கிறவன இப்பத்தாம்யா பாக்கேன்"ன்னு சொன்னேன், வண்டியே சிரிச்சுது. வாடையா? வாடை வரல. வாடை இல்லாத சரக்கும் வருதுல்லா இப்ப. நொச்சிக்குளத்துக்கு ரோடு பிரியுற விலக்குல இறக்கி, வாகை மரத்துல சாத்தி உக்கார வச்சோம். மிட்டாய எண்ணித் திருப்பி அவன் பையிலயே போட்டேன். அடுத்தவன் பொருள் ஒரு துரும்பு எனக்கு வேண்டாம், அதுல நான் கறார். திரும்பி வரும்போது அந்த மரத்தடியில கொஞ்சம் கூட்டம் நின்னுச்சு. டிரைவர் மாசானம் வண்டிய மெதுவாக்குனான். நேரமாச்சு, போன்னு ரெண்டு விசில் குடுத்துட்டேன்.

எதுக்கு இதைச் சொல்லுதேன்னா, குடிகாரனைக் கண்டுபிடிக்கிறதுல எனக்கு அப்படி அனுபவம். அந்த என்னையப் போயி...

சரி, மொதல்ல இருந்து வாரேன். வயித்து வலி எனக்கு இருபது வயசுலயே உண்டு. மேல் வயித்துல பிடிக்கும், அப்படியே முதுகுக்குப் போவும். குனிஞ்சு சுருண்டு கிடந்தாத்தான் கொஞ்சம் கேக்கும். அல்சரா இருக்கும்னு கடையில மாத்திரை வாங்கித் தின்னே காலத்த ஓட்டிட்டேன். மூணு வருசத்துக்கு முன்னால ஆளு பாதியா இளைச்சிட்டேன். எண்ணெய்ப் பலகாரம் தின்னா அப்படியே எண்ணெயா வெளிய போவுது. உலகம்மா பயந்துபோயி பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனா. ஸ்கேன் எடுத்தாவ. கணையத்துல கல்லு. ஒண்ணு ரெண்டு இல்ல, பொரிகடலைய வாரி இறைச்ச மாதிரி கிடக்கு.

டாக்டரம்மா கேட்ட மொதக் கேள்வி, "குடிப்பீங்களா?" இல்லன்னேன். மருந்து எழுதும்போது திரும்பக் கேட்டாவ. இல்லம்மான்னேன். மூணாவது தடவ என்னையக் கேக்கல, உலகம்மாளைப் பாத்துக் கேட்டாவ. "எனக்குத் தெரிஞ்சு இல்ல டாக்டர்"ன்னா. தெரிஞ்சு இல்லன்னா என்ன தம்பி அர்த்தம்? இல்லன்னு சொல்ல வேண்டியதுதான? அன்னைக்கே எனக்குச் சுருக்குன்னுச்சு.

அப்புறம் அந்த டாக்டரம்மா நல்லாத்தான் சொன்னாவ. குடிக்கிறவங்களுக்குக் கணையம் கெடும், ஆனா சில பேருக்குக் குடிக்காமலே இந்தக் கல்லு வரும், நம்ம பக்கம் அப்படி இருக்கு, ஏன் வருதுன்னு முழுசாத் தெரியலன்னாவ. அடுத்த வருசமே சர்க்கரை வந்துட்டு. இது உங்க வீட்டுப் பெரியாளுக்கு இருக்குமே, அந்தச் சர்க்கரை இல்ல. இன்சுலின் சுரக்குறதே கணையத்துலதான். அது கல்லாப் போனா எங்க இருந்து சுரக்கும்? ஊசிதான் போட்டாகணும். அதோட விட்டாலும் பரவாயில்ல. சர்க்கரை ரொம்ப இறங்கிப் போனா, அதைத் தூக்கி விடுற சாமானும் அதே கணையத்துலதான் இருக்காம். அதுவும் போச்சு. அதாவது பிரேக்கும் இல்ல, ஆக்ஸிலேட்டரும் இல்ல, வண்டி மட்டும் ரோட்டுல ஓடிக்கிட்டு இருக்கு. அதனால நேரத்துக்குச் சாப்பிடணும், ஊசி போட்டுட்டுப் பட்டினி கிடக்கக் கூடாது, சட்டைப் பையில எப்பவும் இனிப்பு இருக்கணும். இதெல்லாம் சொல்லித்தான் அனுப்புனாவ.

நான் யாருகிட்டயும் சொல்லல தம்பி. கணையம்னு சொன்னவுடனே கேக்குறவன் மூஞ்சி மாறுது. எங்க முதலாளியோட மச்சான் மருந்துக்கடை வச்சிருக்காரு. அவருகிட்ட மாத்திரை வாங்கப் போனப்ப சீட்டைப் பாத்துட்டு, "ஆவுடை, நீ கூடவா?"ன்னாரு. அதுல இருந்து வேற கடையில வாங்குனேன். மிட்டாய் கூட பையில வைக்கல. கண்டக்டர் பையில மிட்டாய் இருந்தா ஆளுவ சிரிக்கும்லா.

சித்திரையில அது நடந்துச்சு. காலையில வயித்து வலி. ஊசியப் போட்டுட்டேன், ரெண்டு இட்லிக்கு மேல இறங்கல. பன்னெண்டரைக்குச் சாப்பிட நிறுத்தணும். அன்னைக்குத் தேரோட்டம். வண்டிய வேற வழியாத் திருப்பி விட்டுட்டானுவ. ஊரு சுத்தி, குளம் சுத்தி, மணி ஒன்றரை. கூட்டம் நெரியுது. எனக்குக் கை நடுங்குச்சு. அப்புறம் நடந்ததெல்லாம் எவனோ எடுத்த வீடியோவுல பாத்துத்தான் எனக்கே தெரியும். ஒரே பொம்பளைக்கு டிக்கெட்டக் கிழிச்சுக் கிழிச்சுக் குடுத்துக்கிட்டே இருக்கேன். அந்தம்மா போதும் போதுங்குது. நான் கெட்ட வார்த்தையில ஏசுதேன். நானா! என் வாயில அந்த வார்த்தை இருந்துச்சுங்கிறதே எனக்குத் தெரியாது. அப்புறம் ஒருத்தர் மடியில போயி விழுந்துட்டேன். "இறக்கி விடுங்கய்யா குடிகாரப் பயல"ன்னு வண்டியே சத்தம் போடுது.

மாசானம் வண்டிய நிறுத்திட்டு வந்தான். பதினோரு வருசம் என்கூட ஓட்டுனவன். என் காலரைப் பிடிச்சு இறக்குனான். நான் ஏதோ சொல்ல வாரேன், அவன் கேக்கவே இல்ல. பேச்சுக் குடுக்கக் கூடாதுன்னு அவனுக்கு நாந்தான சொல்லியிருக்கேன்.

கீழ உக்கார வச்சு வைத்தியம் பாத்தானுவ. என்ன வைத்தியம்? தலையில ரெண்டு குடம் தண்ணி. எலுமிச்சம்பழத்தப் பிழிஞ்சு உப்பப் போட்டு வாயில ஊத்துறது. போதை தெளிய உப்பு! அதுல ஒரு கரண்டி சீனியப் போட்டிருந்தா அப்பவே எந்திரிச்சு டிக்கெட் குடுத்திருப்பேன் தம்பி. ஒரு கரண்டி சீனி. உப்பப் போட்டுப் போட்டு ஊத்துதானுவ. தெளியலயேன்னு இன்னும் உப்பு.

காப்பாத்துனது யாரு தெரியுமா? ரோட்டோரம் பதநீர் வித்துக்கிட்டு இருந்த பொம்பள, தங்கபுஷ்பம். அது போதை கீதைன்னு ஒண்ணும் யோசிக்கல. வெயிலுக்கு ஒருத்தன் வாயப் பிளந்து கிடக்கானேன்னு, பனையோலைப் பட்டையில பதநீர ஊத்தி வாய்கிட்ட பிடிச்சுது. குடிச்சேன். இன்னொரு பட்டை குடிச்சேன். உடம்புல உசுரு வந்துட்டு. எந்திரிச்சு உக்காந்து, "மாசானம், மணி என்னல?"ன்னு கேட்டேன்.

இம்புட்டையும் ஒருத்தன் போன்ல பிடிச்சிருக்கான். பட்டையில வெள்ளையா இருக்கிறதை நான் மடக்கு மடக்குன்னு குடிக்கிறது மட்டும் அதுல தெளிவா இருக்கு. ‘டியூட்டியில் கள்ளு குடிக்கும் கண்டக்டர்’னு எழுதிப் போட்டுட்டான். பதநீருக்கும் கள்ளுக்கும் வீடியோவுல என்ன வித்தியாசம் தெரியும்? எது என்னையப் பிழைக்க வச்சுதோ அதையே சாட்சியாக்கிட்டானுவ.

தங்கபுஷ்பத்தத் தேடிப் போனேன். ஒரு வார்த்தை சொல்லும்மா, நீ குடுத்தது பதநீருன்னு. அது அழுதுட்டு. வீடியோவ வச்சுக்கிட்டு ஏற்கனவே ரெண்டு தடவ போலீஸு வந்து பானைய மோந்து பாத்துட்டுப் போயிருக்கு. "அண்ணாச்சி, நான் உங்களப் பாத்ததே இல்லன்னு சொல்லியிருக்கேன். என் பானைய உடைச்சுராதிய"ன்னு கும்பிடுது. நான் என்ன செய்ய? திரும்பி வந்துட்டேன்.

முதலாளிகிட்ட டாக்டர் சர்ட்டிபிகேட்டக் கொண்டு போனேன். டாக்டரம்மா எல்லாத்தையும் எழுதியிருந்தாவ. கணையத்துல கல்லு, அதால சர்க்கரை, திடீர்னு சர்க்கரை இறங்குனா நினைவு தப்பலாம், குடிப்பழக்கம் இல்ல. முதலாளி மூக்குக் கண்ணாடியப் போட்டு ரெண்டு தடவ வாசிச்சாரு. "அப்ப இது திரும்பவும் வரும்"ன்னாரு. கவனமா இருந்தா வராது முதலாளின்னேன். "வராதுன்னு இதுல எழுதலயே. ஆவுடை, குடிகாரன்னா திருந்துவான், ஒரு கயிறு கட்டிட்டு வந்து நின்னா நான் ஏத்திக்கிடலாம். நோயாளின்னா எப்படித் திருந்துவ? நினைவு தப்புற ஆள வண்டியில ஏத்தி நாளைக்குப் படியில இருந்து விழுந்தா யாரு பதில் சொல்றது?" சர்ட்டிபிகேட்ட என் கையிலயே திருப்பிக் குடுத்துட்டாரு. "இதை வீட்டுல பத்திரமா வையி. யாருக்கும் காட்டாத. அமாவாசைக்குக் கொம்பு மாடசாமி கோயிலுக்குப் போயி, குடிச்சேன், இனிமே குடிக்க மாட்டேன்னு கயிறு கட்டிட்டு வா. மறுநாள் டியூட்டி."

புரியுதா தம்பி? குடிச்சேன்னா வேலை உண்டு. குடிக்கலன்னா வேலை இல்ல. இந்த வேலைய விட்டா எனக்கு இன்சுலினு யாரு வாங்கித் தருவா? ஐம்பது வயசுல எவன் என்னைய வேலைக்குச் சேப்பான்?

உலகம்மா என்ன சொன்னா தெரியுமா? பீடி சுத்திக்கிட்டே, தலைய நிமிராம, "கட்டிட்டு வாங்க. கயிறுதான, பாம்பா?"ன்னா. அதோட விட்டிருந்தா சரி. கொஞ்ச நேரம் கழிச்சு, "ஒரு தடவ கூட இல்லையா? ஒரு தடவன்னா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்"ன்னா. கல்யாணமாகி இருபத்தாறு வருசம் தம்பி. அவதான் எனக்கு ஊசி போடுதா. இப்ப அவதான் சீனியப் பொட்டலங் கட்டி என் மடியில சொருகி விடுதா. எனக்கு மயக்கம் வந்தா வாயில சீனியக் கரைச்சு ஊத்துவா, ஊத்துறதுக்கு முன்னால வாய மோந்து பாப்பா. அது அவளுக்கே தெரியாது. எனக்குத் தெரியும். எம்மேல யாருக்கும் நம்பிக்கை இல்லங்கிறது கூடப் பெரிசில்ல, அவளுக்கு இல்லங்கிறதுதான் தாங்க முடியல.

முன்னால பாருங்க, பொண்டாட்டிமாரு பக்கத்துல தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கானுவளே, அத்தனை பேரும் கயிறு கட்டப் போறவனுவதான். இன்னைக்கு அமாவாசைல்லா. நானும் அந்தக் கூட்டத்துல ஒருத்தன். உலகம்மாவுக்கு இன்னைக்குப் பீடிக் கடையில இலை குடுக்கிற நாளு, இல்லன்னா அவளும் வந்திருப்பா.

கயிறு கட்டுனா தீந்துச்சான்னா, அதுவும் இல்ல. கட்டிட்டுக் குடிச்சா கொம்பு மாடசாமி அடிச்சுப் போடுவான்னு இந்தப் பக்கம் அத்தனை பேருக்கும் பயம். கையில கயிறோட நான் ஒரு நாளு ரோட்டுல விழுந்தேன்னு வைங்க, பாக்குறவன் என்ன நினைப்பான்? சத்தியத்த மீறிட்டான், சாமி அடிச்சிட்டுதுன்னு ஒதுங்கிப் போயிருவான். உப்புத் தண்ணி ஊத்தக் கூட ஒருத்தனும் கிட்ட வர மாட்டான். வேலைக்காக இன்னைக்குக் கட்டுற கயிறு என்னைக்கோ ஒரு நாளு என் உசுர வாங்கிரும் தம்பி. கட்டலன்னா ஊசி இல்லாமப் போயிருவேன். இதுல எது வேணும்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?

அதுலயும் ஒரு கூத்து இருக்கு. கயிறு சும்மா கட்ட மாட்டாரு பூசாரி. எல்லாரும் பாக்க நின்னு, குடிவெறியில யாருக்கு என்ன கொடுமை செஞ்சேன்னு ஒண்ணே ஒண்ணு வாய்விட்டுச் சொல்லணும். அப்பத்தான் கயிறு. அந்தா மூணாவது சீட்டுக்காரன், பொண்டாட்டி மண்டைய உடைச்சிருக்கான், அவ தலையில கட்டப் பாருங்க. அவனுக்குச் சொல்ல இருக்கு. எனக்கு என்ன இருக்கு? நேத்துல இருந்து யோசிக்கேன். ஒரு ஆளுக்கு ஒரு கெடுதல் செஞ்சதில்ல நான். ஒரு டிக்கெட் கூடத் தப்பாக் குடுத்ததில்ல. பூசாரி முன்னால நின்னு பொய்யா ஒரு கொடுமைய எங்க இருந்து கொண்டு வர?

என்ன கேட்டிய? எந்த ஆளு? ஓ, கட்டம் போட்ட சட்டையா. அவனுக்கென்ன? அவன் என்ன ஆனான்னு எனக்கு எப்படித் தெரியும்? கூட்டம் நின்னுச்சு, அவ்வளவுதான். குடிகாரன் விழுந்து கிடந்தா கூட்டம் நிக்கத்தான் செய்யும்.

என்ன தம்பி, கையில அந்த மிட்டாயவே பாத்துக்கிட்டு இருக்கிய? ஆமா, ஆரஞ்சு மிட்டாய்தான். எல்லாக் கடையிலயும் விக்கிறதுதான. நாலு வச்சுக்கிடச் சொன்னது டாக்டரம்மா. இறங்குச்சுன்னா நாலு தின்னணும்பாவ. எங்கிட்ட மூணு, உங்ககிட்ட ஒண்ணு.

இல்ல தம்பி. அவன் குடிகாரன். ஏறும்போதே நான் பாத்தேன்லா, படியில கால் நிக்கல. வாடை வரல, சரி. வேர்த்துச்சு, சரி. டீ கேட்டான், அதுவும் சரி. எனக்கு இருபத்திரண்டு வருச அனுபவம் தம்பி. அவன் குடிகாரன்தான். குடிகாரனாத்தான் இருக்கணும்.

அதையா? அதையா பூசாரிகிட்டச் சொல்லச் சொல்லுதிய? அது எப்படிச் சேரும்? வெறியில செஞ்சதைல்லா சொல்லணும். நான் அன்னைக்குச் சொட்டுக் குடிக்கலயே. நல்லாத் தெளிவால்லா இருந்தேன்.

ஒரு விசில் குடுத்துட்டான், கேட்டியளா? நொச்சிக்குளம் விலக்கு. இங்கன யாரு இறங்குதா? நான் கொஞ்சம் கண்ண மூடிக்கிடுதேன். மயக்கமெல்லாம் இல்ல, மிட்டாய எடுக்காதிய. அந்த வாகை மரம் உங்க பக்கம்தான் வரும். தாண்டுனதும் சொல்லுங்க.

தாண்டிட்டா, தம்பி?